ரெங்கசாமியின் பொது ஃபோல்டர்

மலேசியாவில், பண்டமாரானிலிருந்து சுபாங் ஜெயாவுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் ரெங்கசாமிக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் இராசேஸ்வரியைக் கண்டாலே வயிறு எரியும். 1998இல் இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே வேலை. பிற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகளை, லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் சுலபமாக ஏற்றும்படி பேக்கேஜ் செய்ய வேண்டும். ஆனால் அவள் சிலோன்காரர் வீட்டுப் பெண், தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். இவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதலாளி தம்புசாமி பேக்கேஜ் வேலைக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து, அதன் தலைமை தனக்குத்தான் வர வேண்டும் என்று ரெங்கசாமி சரியாகத் தூங்கவில்லை.

லைப்ரரிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று மற்ற புரோகிராம்களுக்குச் சொல்பவை ஹெட்டர் ஃபைல்கள். இராசேஸ்வரி ஒவ்வொரு லைப்ரரியின் ஹெட்டர்களையும் அதனதன் பெயரில் தனி ஃபோல்டரில் வைத்தாள். இனி எல்லாரும் அப்படியே செய்யட்டும் என்றார் முதலாளி. அவள் காட்டும் வழியில் நான் நடப்பதா என்று ரெங்கசாமிக்கு வீம்பு. தன் ஹெட்டர்களை, சிஸ்டத்தின் ஃபைல்களும் இருக்கும் பொது ஃபோல்டரிலேயே கொட்டினான்.

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியின் கம்ப்யூட்டரில் அந்தப் பேக்கேஜை ஏற்றப் போனான். அதே பெயரில் சிஸ்டத்தின் சொந்த ஃபைல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தடுத்தது. இவனோ, பரவாயில்லை ஏற்று என்று கட்டாயப்படுத்தி அதன் மேலேயே ஏற்றிவிட்டு வந்தான். மறுநாள் அங்கே எந்தப் புரோகிராமையும் கம்பைல் செய்து ஓடவைக்க முடியவில்லை. ரெங்கசாமி அன்று லீவு. இராசேஸ்வரிதான் போய்ப் பழைய ஃபைலைத் திரும்ப வைத்து, இவனுடையவற்றைத் தனி ஃபோல்டருக்கு மாற்றினாள்.

அடுத்த நாள் தம்புசாமி இவன் முதுகில் தட்டினார். "கிள்ளான் பிரச்சினைய போன்லயே நீதான் சொல்லிக் கொடுத்து சரி பண்ணியாமே. ராசேஸ் சொன்னிச்சி. நல்ல வேலை லா."

ரெங்கசாமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் தன்னை மாட்டிவிட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தனக்கே பிச்சை போடுகிறாளா? நேர்மை வந்து பிடித்து உலுக்கியதாக யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்குக் கடன்பட்டு நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"கெடுத்ததே நான்தான் பாஸ். கம்ப்யூட்டர் வேணாம்னு சொல்லியும் ஏத்தினேன். சரி பண்ணது அவங்க. எனக்கு யாரும் பேர் வாங்கித் தர வேணாம்."

தம்புசாமி அறைக்குள் போய்விட்டார். மதியம் இராசேஸ்வரி இவன் மேசைக்கு வந்தாள்.

"ஏண்ணே உண்மையப் போய் சொன்னீங்க? நான் வர மாசம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன். புது டிபார்ட்மெண்டுக்கு உங்க பேரத்தான் பாஸ்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். இப்ப வெளியில ஆள் தேடப் போறாராம்."

கைக்கு வந்தது போய்விட்டது என்பது ரெங்கசாமிக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்கு முன்பே வேறொன்று நெஞ்சைச் சுட்டது.

"சிங்கப்பூரா?" என்றான். "எந்தக் கம்பெனி?"