இரவல் வாங்கிய கடல்

காளீஸ்வரி கடலை முதன்முதலாகப் பார்த்தது பதினெட்டு வயதில், கப்பல் எஞ்சினியரிங் படிக்கத் தூத்துக்குடிக்குப் போனபோதுதான். ஊர் அச்சன்புதூர்; மேற்கே மலை, சுற்றிலும் வயல். அம்மா சங்கரம்மாள் சீசனுக்கு ஐந்தருவியில் ரம்புட்டான் பழம் விற்று அவளைப் படிக்க வைத்தாள்.

நான்காம் எஞ்சினியராக ஒரு சரக்குக் கப்பலில் ஏறினாள். தலைமை எஞ்சினியர் நிக்கோஸ் கிரேக்கர்; பாட்டன் காலத்திலிருந்தே கப்பல்காரக் குடும்பம்.

"உன் ஊரில் கடல் உண்டா?" என்று முதல் நாளே கேட்டார்.

"இல்லை சார். அருவி உண்டு."

சாப்பாட்டு மேசையே சிரித்தது. "கடல் ரத்தத்தில் இருக்க வேண்டும் பெண்ணே. எங்களுக்கு அது தாலஸ்ஸா. அம்மா என்பதற்கு அடுத்து நாங்கள் கற்கும் சொல்" என்றார் நிக்கோஸ்.

அந்தச் சொல் காளீஸ்வரியை உறுத்தியது. அடுத்த துறைமுகத்தில் போனில் சிக்னல் கிடைத்ததும் அதைத் தேடிப் படித்தாள்.

மூன்றாம் வாரம் நடுக்கடலில் எஞ்சின் நின்றது. ஆளாளுக்கு ஒன்று சொல்ல, எரிபொருள் பம்பு ஒன்று இறுகிக் கிடப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கொதிக்கும் எஞ்சின் அறையில் ஐந்து மணி நேரம் நின்று மாற்றினாள். எஞ்சின் உறுமி எழுந்தபோது நிக்கோஸே கை தட்டினார்.

"அருவிக்காரிக்கு இது எப்படி வந்தது?" என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"சார், தாலஸ்ஸா உங்கள் சொல்லே இல்லையாம். உங்கள் முன்னோர் கடல் இல்லாத உள்நாட்டிலிருந்து வந்தவர்களாம். கரையில் ஏற்கெனவே இருந்தவர்களிடம் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் அறிஞர்கள் பலர் நினைக்கிறார்கள். கடலுக்கு உங்களிடம் சொந்தமாக இருந்த சொல் 'பொந்தோஸ்'. அதற்கும் ஆதி அர்த்தம் கடல் இல்லை, வழி. பிறகு கடலையே வழியாக்கிக்கொண்டீர்கள். நானும் அப்படித்தான்."

நிக்கோஸ் தன் நாற்காலியை நகர்த்தி, பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டார். அந்தப் பயணம் முடிந்ததும் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்து கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதத்தில் அவள் பெயர் முதலில் இருந்தது.

ஆறு வருஷத்தில் இரண்டாம் எஞ்சினியர் ஆனாள். செய்தி சொல்ல அழைத்தபோது ஐந்தருவியில் கூட்டத்துக்கு நடுவே அம்மா போனை எடுத்தாள்.

"அப்போ ஒனக்கு மேல இனி எத்தன பேருட்டி?"

"எஞ்சின் ரூம்ல ஒரே ஒருத்தர்தாம்மா."

"சரி, அவரும் எத்தன நாளைக்கு!" என்றாள் சங்கரம்மாள், கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி.