ஒசாகாவுக்குப் போகாத மருமகன்

சச்சிதானந்தனுக்கு ‘எனக்கு வேணும்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் வாயில் வராது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பசித்தால் அழமாட்டானாம். அடுத்த வீட்டுக் குழந்தை பசித்து அழுகிற நேரம் பார்த்துத் தாய் இவனுக்கும் பால் கொடுப்பாளாம். அந்தக் குடும்பம் வீடு மாறிப் போன மாதம் இவன் இளைத்துத் துரும்பாகிவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதவர்கள் அவனைச் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்க வேண்டும். கறிச்சட்டி தன்பாட்டில் நகர்ந்து வரும்வரை வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான்.

அப்படிப்பட்டவன் கணக்காளனாகி, விமலாதேவியைக் கைப்பிடித்து, எழுபத்தைந்தாம் ஆண்டு சிட்னிக்கு வந்து வென்ட்வேர்த்வில்லில் மாமனார் வீட்டில் குடியேறினான். இதில் புதுமை ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். மாமனார் இரத்தினசிங்கம் இலங்கை ரயில்வேயில் எஞ்சினியராக இருந்தவர். கடல் தாண்டி வந்தும் முறை தவறவில்லை. மாப்பிள்ளை வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டார்.

“தம்பி, இது விமலான்ர வீடு. எண்டபடியா உம்மட வீடு. நானும் மாமியும் விருந்தாளியள் மாதிரி.”

சொல்லிவிட்டு, அந்த விருந்தாளி வரவேற்பறையில் இருந்த ஒரே பெரிய கதிரையில் அமர்ந்தார். பிறகு எழும்பவில்லை. சமையல் நடக்கிற குசினியின் வாசலில் கிடந்த முக்காலி வீட்டுக்காரனுக்கு வாய்த்தது.

இரத்தினசிங்கம் பொல்லாதவர் அல்ல. குரல்தான் பெரிது. அவர் தும்மினால் பரமட்டா ஸ்டேஷனில் நிற்கிற ரயில், கார்ட் விசில் ஊதிவிட்டார் என்று நினைத்துப் புறப்பட்டுவிடும். மாமி நாகேஸ்வரியோ அன்பினாலேயே ஆளைக் கொல்லக்கூடியவர். முதல் நாள் தேநீரில் கைதவறி நாலு கரண்டி சீனி விழுந்துவிட்டது. “எப்பிடித் தம்பி தேத்தண்ணி?” என்று கேட்டார். “நல்லாயிருக்கு மாமி,” என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நாலு கரண்டி. அவன் குடித்துவிட்டு வைக்கும் கோப்பையைத் தேடிச் செவன் ஹில்ஸிலிருந்தெல்லாம் எறும்பு வரும்.

இந்தச் சச்சிதானந்தனுக்கும் ஒரு நாள் ஆசை வந்தது.

அவன் வேலை பார்த்தது, ஆட்டு ரோமம் வாங்கி ஜப்பானுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில். மேலதிகாரி நிஷிதா, தனியாக வந்து இருக்கிற மனிதர். எழுபத்தேழாம் ஆண்டு செப்டெம்பரில் அவர் இவனைக் கூப்பிட்டு, மெல்பேணில் புதுக் கிளை திறக்கப்போகிறேன், கணக்குப் பகுதிக்கு நீதான் பொறுப்பு, குடியிருக்க ஃபிளாட்டும் உண்டு, கிறிஸ்மஸுக்கு முன்னால் போகவேண்டும், வீட்டில் கேட்டுச் சொல் என்றார்.

வீடு திரும்பும் ரயிலில் சச்சிதானந்தன் அந்த ஃபிளாட்டுக்குள் குடிபோய்விட்டான். சீனி போடாத தேநீரைத் தானே ஊற்றினான். ஒரு கதிரை வாங்கினான், விமலாவுக்கு இன்னொன்று. வென்ட்வேர்த்வில்லில் இறங்கும்போது மேளதாளத்தோடு வந்த வார்த்தைகள், வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போது செருப்போடு வெளியிலேயே நின்றுவிட்டன. கேட்டால் மாமா என்ன நினைப்பார்? இங்கே என்ன குறை வைத்தோம் என்பார். மாமி அழுவார். விமலா தாயையும் தகப்பனையும் விட்டு வருவாளா? அதை அவளிடமே கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

நிஷிதா ஒவ்வொரு திங்களும் கேட்டார். “கேட்டாயா?” இவன் ஒவ்வொரு திங்களும் தலையை ஒரு தினுசாக ஆட்டினான். அது ஆமாவா, இல்லையா என்று ஜப்பானியருக்குப் பிடிபடவில்லை.

ஒரு சனிக்கிழமை நிஷிதா தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போய் ஒரு கார்ட்டூன் படம் காட்டினார். ஜப்பானில் ஞாயிறு மாலை ஆறரைக்கு அது தொடங்கினால் தெருவே அடங்கிவிடுமாம். கோபேயில் இருக்கிற அவருடைய அக்கா அதை வீடியோ கசெட்டில் பிடித்துத் தம்பிக்கு அனுப்புவார். ஒரு சாதாரணக் குடும்பத்தைப் பற்றி, ஒரு தரத்துக்கு மூன்று குட்டிக் கதைகள். எல்லாருக்கும் கடலிலிருந்து எடுத்த பெயர்கள். மூத்த மகள், புருஷன், பிள்ளை, அவளுடைய தாய் தகப்பன், தம்பி தங்கை, ஒரு பூனை. பனி பெய்யும், பூ பூக்கும்; ஆனால் ஒருவருக்கும் ஒரு வயது கூடாது. இன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. உலகத்திலேயே அத்தனை காலம் ஓடிய கார்ட்டூன் தொடர் வேறில்லை. பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.

சச்சிதானந்தன் கண்ணில் பட்டது மருமகன்தான். கண்ணாடி போட்ட சாதுவான ஆள், மாமனார் வீட்டில் இருக்கிறான், மாமனாருக்குத் தலையாட்டுகிறான். அட, இவனை வைத்துப் பேசினால் என்ன?

அவன் வாழ்நாளில் போட்ட ஒரே சதித்திட்டம் அது. வீட்டில் யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. இவனுக்கும் காலை வணக்கத்துக்கு மேல் தெரியாது. ஆனால் ஜப்பான் கம்பெனியில் வேலை என்பதால் இவனுக்கு எல்லாம் தெரியும் என்று மாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இவனும் வழக்கம்போல மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நிஷிதா விருந்துக்கு வந்தார். ஜப்பான் கசெட் இங்கத்தைய பெட்டியில் ஓடாது, ஜப்பான் பெட்டிக்கு இங்கத்தைய மின்சாரம் ஒத்துவராது. ஆகவே தொலைக்காட்சி, கசெட் மெஷின், மின்சாரத்தைக் குறைக்கிற இரும்புப் பெட்டி என்று ஒரு கடையையே காரில் ஏற்றி வந்தார். பிறகு மாமியின் புட்டையும் நண்டுக்கறியையும் கண்டார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு, கசெட்டைப் போட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்தவர் குறட்டையில் போய்விட்டார். சச்சிதானந்தனுக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

படத்தில் மருமகன் மாமனார் முன்னால் பணிவாக உட்கார்ந்து ஏதோ சொன்னான்.

“என்னவாம் தம்பி?” என்றார் மாமி.

சச்சிதானந்தன் முக்காலியை முன்னுக்கு இழுத்தான். “வேலையில மாத்தல் வந்திருக்காம் மாமி. ஒசாகாவுக்கு. வீடும் குடுக்கினமாம். மனிசியையும் கூட்டிக்கொண்டு போகட்டோ எண்டு மாமனாரைக் கேக்கிறான்.”

பெரிய கதிரை கிறீச்சிட்டது. “அதுக்கு மாமன் என்ன சொல்லுறான்?”

படத்து மாமனார் தன் வழுக்கைத் தலையைத் தடவிச் சிரித்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் மருமகனுக்கு ஏதோ வார்த்தார்.

“சந்தோசமாப் போட்டு வா எண்டுறார், மாமா.”

“அது என்ன வாக்கிறார், சாராயமோ?” என்று மாமி பதறினார். “மாமனும் மருமோனும் சேந்தோ?”

“தேத்தண்ணி மாமி.”

“நல்ல மனுசன்,” என்று மாமி தேறினார். இரத்தினசிங்கமும் தலையாட்டினார். குசினி வாசலில் நின்ற விமலா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். சச்சிதானந்தனுக்கு மேலே பறப்பது போலிருந்தது. இன்னும் ஒரு கதை முடியட்டும், வாயைத் திறக்கிறேன் என்று நினைத்தான்.

அடுத்த கதை தொடங்கியது. அதே வீடு, அதே மேசை, அதே மருமகன், வாய் நிறைய மீன்.

“போகேல்லையே?” என்றார் இரத்தினசிங்கம்.

“இது... அதுக்கு முதல் நடந்தது மாமா.”

அடுத்த கதையிலும் அவன் அங்கேயே இருந்தான். “பெட்டி கட்டுறான் மாமா. அடுத்த கிழமை போவான்.”

அடுத்த கிழமை நிஷிதா புட்டுக்காகவும் மாமி படத்து மருமகனுக்காகவும் காத்திருந்தார்கள். அவன் போகவில்லை. அதற்கடுத்த கிழமையும் போகவில்லை. அவனைப் படைத்தவர்கள் அவனை எங்கும் அனுப்புவதாக இல்லை என்பது சச்சிதானந்தனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. வாரா வாரம் ஒரு சாக்குத் தேடினான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றான். ஒசாகாவில் வெள்ளம் என்றான். ஒரு கிழமை ஒசாகா ஃபிளாட்டில் பாம்பே புகுந்தது. படத்திலோ அவன் சிரித்தபடி மாமனாரோடு உட்கார்ந்து கிண்ணத்தை ஏந்திக்கொண்டிருந்தான்.

இரத்தினசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “ஜப்பான் ரயில் எனக்குத் தெரியாதே? ஒசாகாவுக்கு மூண்டு மணித்தியாலம். இவன் ரெண்டு மாசமாப் போறான்!”

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, சச்சிதானந்தன் வீட்டுக்கு வரும்போது பின்வளவுப் புல்லில் விமலாவின் பெரிய சூட்கேஸ் வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மழை இருட்டியது. நல்ல பிள்ளையாக அதைத் தூக்கி வந்து அலுமாரியின் மேலே பழைய இடத்திலேயே வைத்தான்.

டிசெம்பர் பிறந்தது. அந்த ஞாயிறு படம் முடிந்ததும் இரத்தினசிங்கம் தீர்ப்புச் சொன்னார். “எனக்கு விளங்கீட்டுது. அவனுக்குப் போக விருப்பமில்லை. வாய்க்கு ருசியா மாமி மீன் பொரிக்கிற வீட்டை விட்டு எவன் போவான்? நல்ல பெடியன்.” சொல்லிக்கொண்டே கதிரையை உடம்போடு திருப்பினார். அது முக்காலிப் பக்கம் திரும்பியது அதுவே முதல் தடவை. “தம்பி, உமக்கு இஞ்ச ஏதும் குறையிருக்கோ? மறைக்காமச் சொல்லும்.”

மாமியின் கையில் கரண்டி நின்றது. விமலா மடித்துக்கொண்டிருந்த சேலை பாதியில் நின்றது. நிஷிதாவின் குறட்டைகூட நின்றது. கதவு, ஜன்னல், கூரை எல்லாம் திறந்து கிடந்தன. மெல்பேண் வரைக்கும் நேர்ப்பாதை. சச்சிதானந்தன் வாயைத் திறந்தான்.

“ஒரு குறையும் இல்லை மாமா.”

“எனக்குத் தெரியும்,” என்று கதிரை பழையபடி திரும்பியது.

விமலா சேலையை மடித்து முடித்து உள்ளே போனாள்.

திங்கட்கிழமை நிஷிதா எதுவும் கேட்கவில்லை. மெல்பேணுக்கு அதே கந்தோரில் வேலை பார்த்த சென்னைக்காரர் வெங்கட்ராமன் புறப்பட்டார். தனக்கு வேண்டியதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் கேட்கத் தெரிந்தவர். ஃபிளாட்டுக்குக் கம்பளம்கூடக் கேட்டு வாங்கினாராம். கிளையைத் திறக்க நிஷிதாவும் கூடவே போனார்; போகுமுன் தொலைக்காட்சியையும் மெஷினையும் மாமிக்கே விட்டுப் போனார். புட்டுக்கு அது கைம்மாறு. கசெட் இனித் தபாலில் வரும் என்றார்.

அவர் போனபின் வந்த முதல் ஞாயிறு, பின்வளவில் விமலா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சச்சிதானந்தன் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடுப்புத் தொங்கிய அந்தக் கம்பிக்குடை காற்றுக்கு மெல்லச் சுற்றியது.

“இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டே?”

“கேளும்.”

“அந்தப் படத்தில மாமன் கதைச்சதெல்லாம் சொன்னியள். மருமோன் கதைச்சதெல்லாம் சொன்னியள். அவன்ர மனிசி வாய் மூடாமக் கதைச்சுக்கொண்டே இருந்தவள். அவள் என்ன சொன்னவள் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே?”

அவன் கையில் கூடை கனத்தது. “விமலா, அது வந்து...”

“குட்மோர்னிங்குக்கு மேல உங்களுக்கு ஜப்பான் பாசை தெரியாதெண்டு எனக்குத் தெரியாதே? முதல் நாளே விளங்கீட்டுது.”

“அப்ப ஏன் நீர் ஒண்டும்...”

“அவளைக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.” ஒரு கிளிப்பைப் பல்லில் கடித்து எடுத்தாள். “சூட்கேசையும் வெயில்ல காய வச்சனான். நீங்கள் அதையும் தூக்கிக்கொண்டு போய் அலுமாரிக்கு மேல வச்சியள்.”

கம்பிக்குடை சுற்றியது. மாமாவின் வெள்ளைச் சட்டை வந்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டுப் போயிற்று. இனிப் போகலாம் என்று சொல்ல மெல்பேணில் ஃபிளாட் இல்லை. அதில் வெங்கட்ராமனின் கம்பளம் கிடந்தது.

“தம்பி!” உள்ளேயிருந்து வந்த குரலுக்கு அடுத்த வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. “படம் துவங்குது, வாரும்! பெடியன் இண்டைக்காவது போறானோ பாப்பம்.”

சச்சிதானந்தன் முக்காலியில் போய் இருந்தான். மாமி கையில் தேநீரைத் தந்தார். ஒரு வாய் குடித்தான், பல் கூசியது. விமலா வெறுங்கூடையோடு வந்து வாசலில் நின்றாள். படத்தில் அந்த மனைவி புருஷனைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

“என்னவாம் தம்பி?” என்றார் மாமி.

“அவன்ர மனிசி கேக்கிறா, மாமி,” என்றான் சச்சிதானந்தன். “‘எப்ப போவம்’ எண்டு.”

“அப்பிடிக் கேள் பிள்ளை!” என்று இரத்தினசிங்கம் கதிரையில் தட்டினார். “அதுக்கு அவன் என்ன சொல்லுறான்?”

சச்சிதானந்தன் படத்தைப் பார்த்தான். வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒண்டும் சொல்லேல்லை மாமா. தலையைச் சொறிஞ்சுகொண்டு சிரிக்கிறான்.”