மாலை போட்ட கம்ப்யூட்டரும் பச்சை டிக்கும்

ஆயுத பூஜை வந்தால் எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் எல்லாவற்றையும் துடைத்தாக வேண்டும். அப்பாவின் ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, அக்காவின் ஸ்டெதஸ்கோப், கடைசியில் நானும் அவளும் சண்டை போட்டுப் பகிர்ந்துகொள்ளும் கம்ப்யூட்டர். அந்த வருஷம் அதன் உள்ளேயும் துடைக்க வேண்டிய நிலைமை எனக்கு.

அக்கா நர்ஸ். அயர்லாந்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். விஜயதசமி மாலைக்குள் சான்றிதழ்களை வீட்டுப் பிரிண்டரில் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அந்தத் தளம் போனில் திறக்காது, கோப்புகளும் சின்னதாக இருக்க வேண்டும். நான்தான் முந்திக்கொண்டு, கோப்பைச் சுருக்கும் இலவச மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ இறக்கினேன். முதல் கோப்பு சுருங்கியது. மறுநாள் அக்காவின் மெயிலிலிருந்து வார்டு மேட்ரனுக்கு, 'என் ரகசியப் படங்களைப் பார்க்க இங்கே அழுத்தவும்' என்று கடிதம் போயிருந்தது. மேட்ரன் அழுத்தவில்லை. அக்காவைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாராம்.

அக்காவுக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பூஜையன்று காலையில் ஒரு 'கிளீனர்' மென்பொருளை இறக்கினேன். திரையில் ஒரு துடைப்பம் இப்படியும் அப்படியும் பெருக்கியது. ஆயிரத்துச் சொச்சம் பிரச்சினைகள் என்று சிவப்பாகக் காட்டியது. ஒரு பொத்தானை அழுத்தினேன். எல்லாம் பச்சை, நடுவில் பெரிய டிக். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. நைட் டியூட்டி முடிந்து வந்தவளிடம் அந்தத் தைரியத்தில்தான் உண்மையைச் சொன்னேன்.

“வைரஸ் வந்துடிச்சிக்கா, நான் இறக்குன சாஃப்ட்வேரால. ஆனா இப்ப போயிடுச்சி. பாரு, பச்சை.”

திட்டுவாள் என்று நினைத்தேன். கேள்வி கேட்டாள். அது இன்னும் மோசம்.

“போயிடுச்சின்னு யார்டா சொன்னது?”

“கிளீனர்.”

“அது எங்க இருக்குது?”

“இதே கம்ப்யூட்டர்லதான்.”

“பேஷண்டே நான் நல்லாகீறேன்னு சொன்னா நாங்க டிஸ்சார்ஜ் பண்றதில்ல. இன்னா இன்னா தொடச்சுது, காட்டு.”

பட்டியலைத் திறந்தோம். பழைய தற்காலிகக் கோப்புகள், என்றைக்கோ பார்த்த தளங்களின் தடங்கள். மேட்ரனுக்குக் கடிதம் போட்ட ஆசாமி அதில் எங்குமே இல்லை.

“வார்டைக் கூட்டிட்டு இன்ஃபெக்‌ஷன் போச்சின்றான்,” என்று அக்கா சுவரிடம் சொன்னாள். “மறுபடி போடு.”

போட்டேன். பத்து நிமிஷத்துக்கு முன் சுத்தமான கம்ப்யூட்டரில் நானூறு புதுப் பிரச்சினைகள். அவற்றைத் தீர்க்கக் காசும் கேட்டது.

அக்கா தன் போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றினாள். நாங்கள் கேள்விப்படாத ஏதோ ஊரில் அவள் கணக்கு திறந்திருந்தது, அதையும் மூடினாள். கம்ப்யூட்டரை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடு என்றாள். நான் பென்டிரைவைத் தேடப் போன நேரத்தில் அம்மா தட்டோடு வந்துவிட்டாள். பிளக்கைப் பிடுங்கி, சந்தனம் பூசி, திரைமேல் இருந்த கேமராவின் கண்ணிலேயே குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டாயிற்று. இனி மறுநாள் காலை பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

“அம்மா, அக்கா வேலைம்மா.”

“சரஸ்வதியே உக்காந்துனு இருக்கா. எழுப்புவியா நீ?”

சரி, நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸை இறக்கிப் பென்டிரைவையாவது தயார் செய்யலாம் என்று ஜீவனஹள்ளியில் இருக்கும் நண்பன் வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். இரண்டு தடவை வழுக்கினேன். அவன் கம்ப்யூட்டருக்கு எங்களுடையதைவிடப் பெரிய மாலை. அவன் அம்மா ஒரு பொட்டலம் பொரியைக் கொடுத்து, “காலைல வா பா,” என்று அனுப்பிவிட்டார்.

“ஐசொலேஷன்ல இருக்கட்டும், நல்லதுதான்,” என்றாள் அக்கா. குரல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் பொரியை ஒவ்வொன்றாக எண்ணித் தின்றுகொண்டிருந்தாள்.

விடிந்து பூஜை முடிந்ததும் மறுபடி ஜீவனஹள்ளி, மறுபடி பூசணிக்காய். மதியத்துக்குள் எல்லாவற்றையும் அழித்தேன்: என் விளையாட்டுகள், பாதியில் நின்ற புராஜெக்ட், துடைப்பம், பச்சை டிக். புதிதாக எழுந்த கம்ப்யூட்டரில் முதல் வேலையாகக் கோப்பைச் சுருக்க என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். அக்கா மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஸ்கேன் பண்ணும்போதே சின்னதா எடுக்கலாம்டா. பிரிண்டர்லயே செட்டிங் இருக்குது.”

இருந்தது. எப்போதும் இருந்திருக்கிறது.

நாலரை மணிக்குக் கடைசிச் சான்றிதழும் ஏறியது. பெற்றுக்கொண்டோம் என்ற பதில் அவள் போனுக்கு வந்ததும் அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஏதாவது உபயோகமாகச் செய்யலாமே என்று ஈரத் துணியை எடுத்துக் கேமராவின் குங்குமத்தைத் துடைக்கப் போனேன்.

“அத்த விடு,” என்றாள், கண்ணைத் திறக்காமல். “இந்த ஒரு வாரத்துல இந்த கம்ப்யூட்டருக்கு ஒழுங்கா செக்யூரிட்டி பண்ணது அம்மா மட்டும்தான்.”