பல் பட்ட கட்டை

வெய்லெ ஊர் ஞாயிற்றுச் சந்தையில் ப்ரேபென் தலை தெரிந்தாலே, ஒன்றில் ஒன்று மாட்டும் பழைய பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகள் விற்பவர்கள் பழுதானதை அடியில் தள்ளிவிடுவார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்தான். ஆனாலும் ஒவ்வொரு கட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வெளுத்ததை ஒதுக்குவார். பல்தடம் இருந்தால் பாதி விலைக்குக் கேட்பார். "இதென்ன, நாய் மென்னதா?"

அம்மா போன பிறகு வீட்டை ஒழித்த அக்கா கார்லா, ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். சின்ன வயதில் இருவரும் விளையாடிய கட்டைகள். ப்ரேபென் வழக்கம்போல் தரம் பிரிக்க உட்கார்ந்தார்.

"பாதிக்கு மேல கடிச்சு வச்சிருக்கு. பத்து க்ரோனர்கூடத் தேறாதுக்கா."

"கடிச்சதே நீதான்டா! ரெண்டு கட்டை இறுகிட்டா, பிரிக்கிறதுக்கு உடனே வாயில வச்சிடுவே." கார்லா ஒரு நீலக் கட்டையை எடுத்து நீட்டினாள். "இது மட்டும் அப்பா. உன்னால முடியலன்னு அழுதே, அவர் கடிச்சுப் பிரிச்சுக் குடுத்தார். அவரோட முன்பல்லு நடுவுல இருந்த சந்து அப்படியே தெரியுது பாரு."

ப்ரேபென் அதை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்திருந்தார். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்தார். பெரியவர்களுக்கென்றே விற்கும் கட்டைப் பெட்டியை ஐயாயிரம் க்ரோனருக்கு வாங்கிக் கட்டிய கோட்டை மேல்தட்டில் இருந்தது. அதைக் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் நீலக் கட்டையை வைத்தார்.