சித்திரைக்கு ஒரு ஜோடி

என் வீட்டுக்காரர் திருவேங்கடம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். புதுப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றி, செங்கல்பட்டு வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலையில் இறக்கி, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். பதினாறு வருடமாக இதே வேலை. மற்ற ஆம்பிளைகள் வீடு வந்ததும் டிவி முன்னால் உட்காருவார்கள். இவர் மொட்டை மாடிக்குப் போவார். அங்கேதான் என் சக்களத்தி இருக்கிறாள். மூன்று அங்குல வாய், நாதஸ்வர நீளம், மூன்று கால். வேலை மாறிப்போன ஒரு அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ்காரர் கொடுத்துவிட்டுப் போன டெலஸ்கோப்.

நிலாவைப் பார்த்தாலாவது ஒத்துக்கொள்ளலாம். இவர் தேடுவது இரட்டை நட்சத்திரம். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது குழாய்க்குள் இரண்டாகப் பிரிய வேண்டும். பிரிந்தால் நோட்டில் வட்டம் போட்டு, பெரியது எங்கே, சின்னது எந்தப் பக்கம் என்று புள்ளி வைப்பார். வாயும் சும்மா இருக்காது. ஒரு நாள், "ஜோடி பிரிஞ்சிடுச்சிடீ! சூப்பரா பிரிஞ்சிடுச்சி!" என்று கத்தினார். கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் செங்கம்மாள் பதறிக்கொண்டு ஏறி வந்தாள்.

"யாருடீ பிரிஞ்சது? பெரியவங்களாண்ட சொன்னீங்களா?"

பிரிந்தது நட்சத்திரம்தான் என்று சொல்லி, அவளை உட்காரவைத்து, பூச நட்சத்திரத்தருகே இருக்கும் நட்சத்திரக் கூட்டத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. "ரவைய கொட்டி வெச்சா மாரி கீது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை. ஏழரை மணி இருக்கும். "சியாமளா, ஓடியா! சித்திரைக்கு ஜோடி கீதுடீ!" என்றார். சித்திரை நட்சத்திரம் அந்தக் குழாயில் ஒற்றையாகத்தான் தெரிய வேண்டுமாம். பட்டியலைப் புரட்டினார், குதித்தார். எனக்கும் ஆசைதான். நம் வீட்டு ஆள் ஒன்றைக் கண்டுபிடித்தால் கசக்குமா?

அடுத்து சுவாதியைப் பிடித்தார். அதற்கும் ஜோடி இருந்தது, அதே பக்கத்தில், அதே தூரத்தில். அதற்கு அடுத்ததற்கும் அப்படியே.

"இன்னாய்யா இது, மேல ஒருத்தன் கூட ஒண்டிக்கட்ட இல்லியா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கண் வைக்கிற சின்னக் குழாயைத் திருகிப் பார்த்தார். ஜோடி அசையவில்லை. பெரிய குழாயையே அதன் பிடிக்குள் சுற்றினார். அப்போதும் அசையவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் தலையைச் சாய்த்தார். உடனே அந்தச் சின்னப் புள்ளி சுற்றி வந்ததாம்.

"மாட்டிகிச்சிடீ! தலயோட சேந்து சுத்துது!" என்று கைதட்டிச் சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. தலையோடு சுற்றுவது தலையில்தானே இருக்க வேண்டும்? வலது கண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு குழாயை வடக்கே திருப்பி என்னை உட்காரவைத்தார். "எத்தினி கீது, சொல்லு."

ஒரு ஓரத்தில் அருந்ததி. நடுவில் வசிஷ்டர் என்று சொல்கிறார்களே, அவரே ஒட்டி ஒட்டி இரண்டாக இருந்தார். "மூணு. இன்னாய்யா, முனிவருக்கு சின்ன வூடு வேற கீதா?"

"எனக்கு ஆறு தெரியுது" என்றார் மெதுவாக. இடது கண்ணால் பார்த்தால் அவருக்கும் மூன்றுதான்.

திங்கட்கிழமை கம்பெனியில் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை. அது இருவருக்கும் நினைவுக்கு வந்தது. அவர் சொன்னார். "ஷெட்ல எல்லாருக்கும் அந்த எழுத்து போர்டு மனப்பாடம். நானும் ஒப்பிச்சிட்டு வந்துடுறேன். லெஃப்ட் கண்ணு ஷோக்கா கீது. ஸ்டியரிங்க புடுங்கிட்டாங்கன்னா நான் இன்னாடீ பண்ணுவேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், நம்ம கல்யாணத்துல பட்டப்பகல்ல ஐயரு வானத்த காட்டி, அருந்ததி தெரியுதான்னாரு. ஒரு மண்ணும் தெரியல. தெரியுதுன்னு தலய ஆட்டினேன். இன்னிக்கிதான் அத மொத மொத பாக்குறேன். அந்தப் பொய்யால யாரும் சாவல. நீ சொல்லப்போற பொய்க்குப் பின்னால நாப்பது பேரு தூங்கிகினு வருவாங்கய்யா!"

ஞாயிறு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். திங்கள் காலை அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனபோது என் உயிர் என்னிடத்தில் இல்லை.

அங்கே நடந்ததை ஜோஷ்வா என்கிற இன்னொரு டிரைவர் பிறகு சொன்னார். பரிசோதிக்கிற பெண் இடது கண்ணை மூடி, "படிங்க சார்" என்றிருக்கிறாள். இவர் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டார். பிறகு நிறுத்தி, ஒரு பேப்பர் கேட்டு வாங்கினாராம். அந்த எழுத்தை வரைந்து, அதன் தலைமாட்டில் மங்கலாக இன்னொன்றையும் வரைந்து, எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்.

"எல்லாத்துக்கும் ஜோடி கீதும்மா. வலது கண்ணுலதான்."

புரை ஆரம்பித்திருக்கிறது, ஆபரேஷன் செய்து டாக்டர் கையெழுத்துப் போடும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

இது எதுவும் தெரியாமல் சாயங்காலம் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. டிரைவர் சீட்டில் ஜோஷ்வா. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக அவர் வந்தார், சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்கள் இறங்குகிற கதவு வழியாக. பதினாறு வருடமாக ஓட்டின பஸ். அந்தப் பக்கம் எத்தனை படி என்று அவருக்குத் தெரியவில்லை. காலால் தேடித் தேடி இறங்கினார். ஓடிப்போய், ஊரே பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.