அட்டைப்பெட்டிக்குள் முடிந்த கேரண்டி

எங்கள் பக்கம் சீர் சாமானை யாரும் பிரிக்க மாட்டார்கள். கடையில் ஒட்டிய டேப் கிழியாமல், அட்டைப்பெட்டியோடு மண்டபத்தில் அடுக்கினால்தான் மரியாதை. பிரித்திருந்தால் யாரோ புழங்கிய சாமான் என்று பேச்சு வந்துவிடும். அதனால் என் கல்யாணத்துக்கு அப்பா ராஜபாளையத்தில் மிக்ஸி வாங்கியபோது, கடைக்காரர் ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டும், "வேண்டாம் அண்ணாச்சி, சீரு சாமான்" என்று பதறித் தடுத்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வாங்கி இரண்டு வாரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா தவறிவிட்டார். வருஷம் திரும்பாமல் கல்யாணம் கிடையாது என்றார்கள். மிக்ஸி பரணில் ஏறியது. ஒரு வருஷமும் சில மாதங்களும் கழித்துத்தான் நானும் அதுவுமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்தோம். மூன்றாம் நாள் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். குப்பென்று புகை, கருகல் வாடை, நின்றேவிட்டது.

மாமியார் குனிந்து மோந்து பார்த்தார்.

"புதுச் சாமான் இப்படியா போவும்? ஒங்கப்பா பழசை வாங்கிப் புதுப்பெட்டியில போட்டுக் கொடுத்துட்டாரு போல."

எனக்கு உச்சி கொதித்தது. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஒருத்தரை ஏமாற்றி அறியாத மனுஷன். அந்தப் பேச்சு அந்த வாரமே அவர் காதுக்குப் போய்விட்டது. ராஜபாளையத்துக்கும் எங்களுக்கும் பஸ்ஸில் அரைமணி நேரம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஆடிச் சீரைக்கூடச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினார்.

கேரண்டி கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தேதியப் பாருங்க தங்கச்சி. ஒரு வருசம். முடிஞ்சு போச்சு."

"மூணு நாள்தான அண்ணாச்சி ஓடுச்சு?"

"நீங்க பரண்ல வச்சதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?"

அதில் ஒரு நியாயமும் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது. வீட்டுக்காரரோ, "விட்டுத் தொலை, வேற ஒண்ணு வாங்கிருவோம்" என்றார். வேறு மிக்ஸி வந்தால் சட்னி அரையும். அப்பா மேல் விழுந்த பேர் போகுமா?

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவரிடம் காட்டினேன். பிரிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் பிரிச்சா நாமதான் கெடுத்தோம்பாங்கக்கா. உள்ள ரெண்டு கார்பன் கட்டி இருக்கும். மோட்டார் ஓட ஓட அது தேயும். பழசா புதுசான்னு அது சொல்லிரும். பிரிக்கிறதா இருந்தா நாலு பேர் முன்னால பிரிக்கச் சொல்லுங்க."

அந்த நாலு பேரைத் தேடித்தான் நுகர்வோர் மன்றத்துக்குப் போனேன். வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. "கார்டு முடிஞ்சா ஓசி ரிப்பேர்தாம்மா முடியும். தயாரிக்கும்போதே குறை இருந்தா, கேக்குற உரிமை ஒங்களுக்கு இருக்கு." இதை ஏன் இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லவில்லை என்று அவரிடமே எரிந்து விழுந்தேன். பாவம், சிரித்துவிட்டார். அன்றே கடையின் பேரில் எழுதிக் கொடுத்தேன்.

வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொரு தடவையும் வயர்கூடையில் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போவேன். தெருவில் "கோர்ட்டுக்காரி" என்று பேர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். நாலாவது வாய்தாவுக்குக் கடைக்காரர் கம்பெனி மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்.

"ஓய்வே இல்லாம ஓட்டியிருக்காங்க சார். அதான் கருகிருச்சு" என்றார் மெக்கானிக்.

கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்களே, அது சரியாகத்தான் இருந்தது. எழுந்து நின்றேன்.

"ஐயா, இவரையே அந்தக் கார்பனைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க."

மன்றத் தலைவர் தலையசைத்தார். மெக்கானிக் திருப்புளியை எடுத்தார். இரண்டு கறுப்புக் கட்டிகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சொல்லுங்க" என்றார் தலைவர்.

"தேயவே இல்ல சார். புது மோட்டார்தான். சில மணி நேரம் ஓடியிருந்தாலே அதிகம்."

"அப்ப ஏன் கருகுச்சு?"

அடித்தட்டையும் கழற்றி உள்ளே பார்த்தார். "மோட்டார் கம்பிச் சுருள்ல வார்னிஷ் சரியா ஏறல, கம்பியோட கம்பி ஒட்டிக் கருகிருச்சு. கம்பெனியிலயே விட்டுருக்காங்க."

சம்பளம் கொடுக்கிறவன் பக்கம் பேச வந்தவர், கண்ணால் கண்டதை மறைக்கவில்லை. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

புது மிக்ஸி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கார்பன் தேயவில்லை, விற்றது புதிய பொருள்தான், குறை தயாரிப்பில் என்று அதில் எழுதியிருந்ததுதான் எனக்கு முக்கியம். மாமியாரை உட்காரவைத்து முழுவதையும் வாசித்தேன்.

"சரி, வெள்ளிக்கிழமை ஒங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன் அத்தே. பேசுனது நீங்க. நீங்கதான் வந்து கூப்பிடணும்."

அடுக்களையில் பாத்திரங்கள் விழுந்தன. மூன்றாம் நாள் காலையில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்து, "ராஜபாளையம் பஸ்ஸு எப்பம்?" என்று கேட்டார்.

எங்கள் அப்பா வீட்டு வாசலில் நின்றபடியே மாமியார் சொன்னார். "அண்ணே, நான் வாய்க்கு வந்தத பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதிய."

"உள்ள வாங்கம்மா, உக்காருங்க" என்று அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா காப்பி போடப் போனாள். அப்பா என்னைத் தயக்கத்தோடு பார்த்துவிட்டு, நான் கொண்டு போயிருந்த தீர்ப்புத் தாளோடு கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார்.

"அந்தக் கார்பனைப் பத்தி எழுதியிருக்க எடத்தப் படி."

படித்தேன்.

"இன்னொருக்கப் படி."

படித்தேன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமியாருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப புதுசுதான். இத்தன மாசமா எனக்கே சந்தேகமாத்தாம்மா இருந்துச்சு."