ஏரி நடுவில் அவன் வாயால்

என் கணவரின் வலது கையில் மூன்று விரல்களைப் படகின் அடியில் சுழலும் விசிறி எடுத்துக்கொண்டது. படகை ஓட்டியவன் எங்கள் முதலாளியின் அக்கா மகன். பட்டப்பகலிலேயே குடித்துவிட்டு ஓட்டினான். அன்று கரையில் வேறு யாரும் இல்லை. அதனால் போலீஸிடமும் தாய்மாமனிடமும் கதையை மாற்றிச் சொன்னான். என் கணவர்தான் குடித்திருந்தார், தள்ளாடித் தண்ணீரில் விழுந்தார் என்றான்.

வேலை போயிற்று. அதைவிடப் பெரியது ஒன்றும் போயிற்று. சித்தூரில் எங்கள் பழைய மிஷன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேதம் வாசிப்பவர் அவர். "கொஞ்ச நாள் வேற யாராவது படிக்கட்டும்" என்று சபைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவனை மன்னித்துவிட்டதாக என்னிடம் சொன்னார். நான் மன்னிக்கவில்லை. இன்றும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. காணிப்பாக்கம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி முதலாளிக்கு ஒரு கல் குவாரி இருந்தது. கல் எடுத்துத் தீர்ந்த பள்ளத்தோடு பக்கத்து ஓடையையும் சேர்த்துக் கரை கட்டி, தனக்கென்று ஓர் ஏரி செய்துகொண்டார். வெளிநாட்டில் கண்டு வந்த ஆசை. காலில் பலகையை மாட்டிக்கொண்டு, படகு இழுக்க, தண்ணீர் மேல் சறுக்குவது. நாங்கள் அதை ஸ்கீ என்போம்.

முதலாளி கெட்டவர் இல்லை. அக்கா மகன் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாதென்று என் கணவர் பார்த்த வேலையை எனக்குக் கொடுத்தார். நான் முன்பே அங்கே கிழிந்த மிதவைச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தவள். கணவரோடு போய்ப் போய்ப் படகு ஓட்டவும் பழகியிருந்தேன்.

"அவன் மூஞ்சில எப்பிடிமே முழிப்பே?" என்றார் என் கணவர்.

"தெனம் முழிக்கணும்னுதான் போறேன்" என்றேன்.

ஏரியில் இரண்டு வரிசையாகச் சிவப்புப் பந்துகள் மிதக்கும். படகு நடுவே நேராகப் போகும். பின்னால் கயிற்றைப் பிடித்துச் சறுக்குகிறவன் இந்தப் பக்கம் ஒரு பந்து, அந்தப் பக்கம் ஒரு பந்து என்று வளைந்து வளைந்து சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு பந்தும் அடியில் ஒரு கருங்கல்லோடு கட்டியிருக்கும். கோடையில் தண்ணீர் இறங்கினால் கயிறு தொளதொளத்துப் பந்து இடம் மாறிவிடும். கயிற்றைக் குறைக்க வேண்டும். மழை பெய்தால் பந்து முழுகிவிடும், நீட்ட வேண்டும். அந்த வேலையில் இருந்தபோதுதான் என் கணவர் மேல் படகு ஏறியது. பலகையில் பாதத்தைக் கவ்வுகிற ரப்பர் எங்கள் ஊர் வெயிலுக்கு வெடித்துவிடும். சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுவேன். பவுடர் தூவி நிழலில் வைப்பேன்.

முதலாளியின் அக்கா மகனும் அங்கே சறுக்குவான். அவன் கால் நுழைக்கிற ரப்பரும் அவனைத் தாங்குகிற சட்டையும் என் கையில் இருந்தன. அவனுக்கு நீச்சல் தெரியாது. வெளியே மறைத்து வைத்திருந்தான், எனக்குத் தெரியும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். நாலு தையல் பிரித்தால் போதும். பயந்து விட்டுவிடவில்லை. கடவுளுக்காகவும் விடவில்லை. அவன் செத்தால் அவன் சொன்ன பொய் அப்படியே நிலைத்துவிடும். எனக்கு அவன் உயிர் வேண்டாம், வாய் வேண்டும். அதனால் அவன் சட்டைக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டு வைத்தேன். "அக்காவுக்கு நம்ம மேல கோவமே இல்ல" என்று அவன் முதலாளி வீட்டுச் சமையல்காரரிடம் சொன்னானாம்.

ஒரு மாசி மாதம், அவனுக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் திருப்பதியிலிருந்து வந்தார்கள். கரையில் பந்தல், நாற்காலிகள். பெண் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முதலாளியும் இருந்தார். வழக்கமாகப் படகை ஓட்டும் குவாரி டிரைவரை அன்று அவன் இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"நுவ்வே நடுபு, நீயே ஓட்டு. பொம்பளை ஓட்டினாலும் நான் விழமாட்டேன்னு அவங்க பாக்கட்டும்."

நான் ஓட்டினேன். ஒழுங்காக, நேராக, அவன் கேட்ட வேகத்தில்தான் ஓட்டினேன். அவன் எப்போதும் நாலாவது பந்தில்தான் விழுவான். அன்றும் விழுந்தான். அந்த இடம் பந்தலுக்கு நேர் எதிரே. படகைத் திருப்பிக் கொண்டுவந்து, கயிறு எட்டாத தூரத்தில் இன்ஜினை அணைத்தேன். ஏரி முழுக்க ஒரே அமைதி.

"ரோப்பு போடு" என்றான், சிரித்துக்கொண்டே.

"போடறேன் சார். அன்னிக்கி போட் ஓட்டினது யாருன்னு சொல்லிடுங்க."

அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "பைத்தியமா உனக்கு? அவங்க பாத்துக்கினு இருக்காங்க" என்றான்.

"அதுக்குத்தான் கேக்கறேன்."

கையை அடித்துப் பார்த்தான். ஒரு காலில் பலகை மாட்டியபடியே இருந்தது. சட்டை காதுவரை ஏறி நின்றது. நின்ற இடத்திலேயே சுற்றினான். கரையிலிருந்து பெண்ணின் தகப்பனார் எழுந்து, "ஏமைந்தி?" என்று கூவினார். வேறு படகு இல்லை. நான் படகில் எழுந்து நின்றேன்.

"ஒண்ணும் இல்லைங்க. சார் ஒரு விசயம் சொல்றாரு, கேளுங்க."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகப் பயம் இருந்தது. அதை நான் ஆசையாகப் பார்த்தேன்.

"நேனே! நான்தான் ஓட்டினேன்!"

எதிரே குவாரியின் கல் சுவர். அவன் குரல் அதில் மோதித் திரும்பி வந்தது.

"குடிச்சிருந்தது யாரு?"

"நான்தான்!"

"எங்க வூட்டுக்காரரு?"

"அவன் குடிக்கல!"

"அவரு."

அவன் தண்ணீரைத் துப்பினான். "அவரு! அவரு குடிக்கல!"

படகைக் கிட்டே கொண்டுபோய்க் கயிற்றை வீசினேன். மெதுவாகவே கரைக்கு இழுத்து வந்தேன். முதலாளி என்னிடம் படகுச் சாவியை மட்டும் கேட்டார், கொடுத்தேன். ஈரத்தோடு நின்ற அவனைத் தாண்டி அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "நிஜமா?" என்று தமிழில் கேட்டாள். "நிஜம்தாம்மா" என்றேன். தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு காரில் போய் ஏறினாள். கல்யாணம் நின்றுபோனதைச் சமையல்காரர்தான் பிறகு வந்து சொன்னார்.

வீட்டில் என் கணவர் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான்தான் மன்னிச்சிட்டேன்னு சொன்னேனேமே."

"நீங்க மன்னிச்சீங்க. நான் இல்ல."

மறுநாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது கிணற்றடிக்கு வந்து, "நெஜமாவே 'அவரு'ன்னு சொன்னானா?" என்று கேட்டார். சொன்னான் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

குவாரி ஆட்கள் மூலமாகச் செய்தி சித்தூருக்கு எட்டியது. போதகர் வீட்டுக்கே வந்து, அடுத்த ஞாயிறு வேதம் வாசிக்கச் சொல்லி அவரைக் கேட்டுக்கொண்டார். காபியைக் குடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "பழி வாங்கறது ஆண்டவர் வேலைம்மா" என்றார்.

"அவர் வேலையை அவர் பாக்கட்டும் ஐயா. படகு ஓட்டற வேலைதான் என்னுது" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

சில வருஷங்கள் கழித்து அவனைத் திருப்பதி ரயில் நிலையத்தில் பார்த்தேன். பெண்டாட்டி, கைக்குழந்தை, பெட்டிகள். அவனும் என்னைப் பார்த்துவிட்டான். சட்டென்று திரும்பி, சுவரில் எழுதியிருந்த ரயில் நேரங்களைப் படிக்கிறவன்போல் நின்றுகொண்டான். அவள் ஏதோ கேட்டாள். திரும்பாமலே பதில் சொன்னான். என் வண்டி வந்தது. ஏறியிருந்தால் அவன் திரும்பியிருப்பான். அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம் என்று நான் அங்கேயே நின்றேன்.